கண்ணில்லாத இருநூற்று நாற்பது மீன்

“உயிரினங்களின் அசைவை உலோகத்தில் உயிர்ப்பித்துக் காட்டும் வல்லமை வாய்ந்த சிற்பக் கலைஞர் திரு. முஹம்மது தம்பி நௌபர் அவர்கள், இளமை முதலே கடல்வாழ் உயிர்களின் எழிலில் தோய்ந்தவர். குடும்பத்தினரின் அரவணைப்பில் ஓயாது கலைப்பணி ஆற்றிவருபவர்.”

கலைஞர் கௌரவிப்பு மலரின் பதினான்காம் பக்கத்தில், ஒரு மங்கலான படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. எழுதியவன் நான். ஆகவே இதில் உள்ள பிழைகளை என்னைவிட நன்றாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நௌபர் சிற்பி அல்லர். கிண்ணியாவில், பாலத்தை விட்டு இறங்கிச் சிறிது தூரம் போனால் இடது கைப்பக்கம் இரும்பில் கேற்றும் கிறில்லும் அடிக்கிற கடை வைத்திருப்பவர். கடலின் எழிலில் அவர் தோய்ந்ததாகத் தகவல் இல்லை. கடலில் கால் நனைப்பதை விட்டே பதினொரு வருடமாகியிருந்தது. குடும்பத்தினரின் அரவணைப்பு என்று நான் பன்மையில் எழுதியது ஒரே ஒரு மருமகளை. உயிரினங்களை உலோகத்தில் உயிர்ப்பிக்கும் வல்லமையைப் பொறுத்தவரை, வாழ்நாளில் அதை மட்டும் செய்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கையாக இருந்தது.

அந்தக் கொள்கை ஊருக்குத் தெரிந்ததுதான். பாலையூற்றில் புது வீடு கட்டிய ஓய்வுபெற்ற தபாலதிபர் இராசையாவுக்குக் கேற்றில் இரண்டு மயில் வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே நின்றேன்.

“மயில் அடிக்க மாட்டன் ஐயா. கொடி, பூ, நட்சத்திரம், அலை, எது வேணுமெண்டாலும் சொல்லுங்க.”

“ஏன் காணும், மயிலோடை உமக்கு என்ன கோவம்?”

“மயிலோட ஒண்டுமில்ல. நாளைக்கு மறுமையில படைச்சவன், ‘நீ செஞ்சியே, இப்ப உசிரக் குடு பாப்பம்’ எண்டு கேட்டா நான் எங்க போற?”

“உம்மடை வெல்டிங்கிலை செய்த மயிலுக்கு உயிர் வந்தாலும் பறக்காது. தோகை மட்டும் நாப்பது கிலோ வரும்.”

நௌபர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் மயில் அடிக்கவில்லை. நகரத்தில் மயில் அடிக்கிற இன்னொரு கடைக்கு இராசையாவைத் தானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேலை முடிந்து கேற் பூட்டிய அன்றைக்கும் போய், கேற்றைத் தூணோடு பிடிக்கிற அந்தக் கடைக்காரரின் பிணைச்சலில் நம்பிக்கை இல்லாமல், இரண்டு பிணைச்சலைத் தன் கையால் மாற்றிக் கொடுத்தார். மயில் பாவம் மற்றவருக்கு, கேற் விழுந்தால் தனக்கு என்பது அவருடைய பங்கீடு.

இப்படிப்பட்டவரிடம் மீன் செய்யச் சொல்லிப் போனோம்.

துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி ஒரு பொதுச் சிற்பம் வைப்பது என்று தீர்மானமாகி, அதற்கு ஒரு குழுவும் அமைந்தது. தமிழ் வாசகங்களுக்கு நான் பொறுப்பு. மீன்களின் நெடும்பயணம்தான் கருப்பொருள் என்பதில் சண்டை இல்லை. எந்த மீன் என்பதில் மூன்று கூட்டம் போனது. சல்லி ஊர்க்காரர் கீரி மீன் வேண்டும் என்றார்கள். விடுதிக்காரர் ஒருவர் திமிங்கிலம் கேட்டார். அது மீன் இல்லை என்று சொன்னபோது, வெள்ளைக்காரருக்கு அது தெரியவா போகிறது என்றார். கடைசியில் சூரை மீன் வென்றது. அதற்குப் பெரிய காரணம் கிடையாது. நான்காவது கூட்டத்துக்கு வந்தவர்கள் சூரைக்காரர்.

வடிவமைத்தவர் லோஜினி. கொழும்பில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, இங்கே எல்லாவற்றையும் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்க்கிற நல்ல பெண். உயர்ந்த கம்பங்களில் இருநூற்று நாற்பது மீன். நூற்றிருபது துறையை விட்டுக் கடலுக்குப் போகும், நூற்றிருபது கடலிலிருந்து திரும்பி வரும். துருப்பிடிக்காத தகட்டில் செய்ய வேண்டும். நகரத்துக் கடைகள் இரண்டு, ஒரே மாதிரி இருநூற்று நாற்பது வெட்டினால் பைத்தியம் பிடிக்கும் என்று மறுத்துவிட்டன. நௌபர் அதே காரணத்துக்காக ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது. கையை நிறைக்கிற வேலை, ஆனால் தலை தேவையில்லாத வேலை. அவருக்கு அப்போது அதுதான் வேண்டியிருந்தது.

லோஜினி மட்டையில் வெட்டிய மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நௌபரை அவரும் ஊரார்போல நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவார்.

“நானா, கண் இந்த இடத்தில. ஒரு துளை போட்டாப் போதும்.”

“துளை போட மாட்டன் மகள்.”

“ஏன்? கஷ்டமா?”

“கண் வெச்சா அது மீன். வெக்காட்டித் தகடு. தகடெண்டா எத்தினையும் வெட்டித் தருவன்.”

லோஜினி மட்டையைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப சனம் இது மீன் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கும்?”

“வால் இரிக்கே. எங்கட ஆக்கள் வாலப் பாத்தே வில சொல்லுவாங்க.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு லோஜினி சம்மதித்தார். அடுத்த மாதம் ஒரு பத்திரிகையில், ‘புறக்கண் அற்ற இந்த மீன்கள் நம்பிக்கையால் மட்டுமே வழி காண்கின்றன’ என்று அவருடைய பேட்டி வந்தது. நௌபர் அதை ஆற அமர வாசித்தார். “இந்தப் புள்ள நல்லாப் படிச்சிருக்கு சேர். நான் ஏலா எண்டு சொன்னதுக்குள்ள இவ்வளவு இரிக்கெண்டு எனக்குத் தெரியாது” என்றார்.

ஒரு துளைக்கு இவ்வளவு பயந்த மனிதர், ஆறு வருடத்துக்கு முன் முஸ்லிம் கல்யாண வழக்குகளை விசாரிக்கிற காதியார் முன்னால் சத்தியம் செய்து பொய் சொன்னவர். அதை நான் பிறகுதான் அறிந்தேன். ஆனால் வாசகர் இப்போதே அறிந்திருப்பது நல்லது. இந்த மீன்களையெல்லாம் அவர் வெட்டியது அந்தப் பொய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

அவருக்கு ஒரே மகன், பஸ்லான். 2013 பங்குனியில், இருபத்து நான்கு வயதில், அவுஸ்திரேலியாவுக்கு என்று வள்ளம் ஏறியவன். கூட ஏறியவர்கள் நாற்பதுக்கு மேல். போன வள்ளம் எங்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. எந்த நாட்டு முகாமின் பட்டியலிலும் அந்த வள்ளத்தில் போன ஒருவரின் பெயர்கூட இல்லை. கல்யாணம் முடித்து ஏழு மாதம். மனைவி ஷிஃபானாவுக்கு அப்போது இருபது வயது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது வழக்கம். இவர்கள் விடயத்தில் அது தலைகீழ். ஷிஃபானாவின் உம்மாவின் வீடு மூதூரில், யுத்தத்தோடு போய்விட்டது, உம்மாவும் இல்லை. ஆகவே பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை போய்விட்டான். வழக்கப்படி தங்கியிருக்கக் கூடாத வீட்டில், தங்கியிருப்பதற்குக் காரணமானவன் இல்லாமல், அவள் பதினொரு வருடம் சமைத்தாள்.

ஐந்து வருடம் ஆனதும் அவளுடைய மாமன், மூதூர் ஸஜ்ஜாத், காதி நீதிமன்றத்தில் பஸஹ் கேட்டு மனு வைத்தார். புருஷன் காணாமற்போன பெண்ணுக்கு அந்தத் திருமணத்திலிருந்து விடுதலை கிடைக்க வழி அதுதான். விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, மத்தியானச் சாப்பாட்டு நேரம், நௌபரின் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். காதில் வைத்தார். ஒரு பெண் குரல், பதிவு செய்த குரல், அழைப்பவர்களுக்குக் கேட்கும்படி பாட்டு வைக்கச் சொல்லி விற்பனை செய்துகொண்டிருந்தது. நாட்டில் எல்லோருக்கும் வருகிற அழைப்பு. அவர் அதைத் துண்டிக்க விரல் வைக்கும்போது, குசினி வாசலில் அகப்பையோடு அவருடைய மனைவி ரபீக்கா நின்றார்.

“ஆரு? மகனா?”

ஐந்து வருடமாக ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தப் பெண் கேட்கிற கேள்வி. ஒவ்வொரு முறையும் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, அன்றைக்கு ஏனோ நௌபர் சொன்னார்:

“ஓம்.”

அவ்வளவுதான். அந்த ஓமை அஸர்த் தொழுகைக்கு முன் ரபீக்கா வீதி முழுக்கக் கொண்டுபோய்விட்டார். வட்டாத் தட்டு எடுத்துச் சக்கரையும் தேங்காய்ப்பூவும் பங்கிட்டார்கள். நான்கு வீட்டுக்காரர் வந்து நௌபரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு வாரம் கழித்துக் காதியார், “மகன் உயிரோட இரிக்கிறதுக்கு ஏதாவது செய்தி உண்டா?” என்று கேட்டபோது, அவருக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. ஒரு வாரமாகச் சோறு தின்னத் தொடங்கியிருக்கிற மனைவியிடம் போய் அது பாட்டு விற்கிற குரல் என்று சொல்வது. அல்லது சத்தியம் செய்வது. சத்தியம் செய்தார். மனு தள்ளுபடியானது. பின்வரிசையில் ஷிஃபானா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

பொய் பிறந்தால் அதற்குத் தீனி வைக்க வேண்டும். “பிறகு என்னா சொன்னான்?” என்று ரபீக்கா தினமும் கேட்டார். ஒரு தீவில் இருக்கிறானாம். பாண்தானாம் சாப்பாடு. மெலிந்து போனானாம். தாடி வைத்திருக்கிறானாம்.

“போன்ல தாடி எப்பிடித் தெரிஞ்ச?”

நௌபர் ஒரு வாய் சோற்றை விழுங்கினார். “குரல்ல தெரிஞ்சிது.”

ரபீக்கா அதையும் நம்பினார். மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்து, சீனி வருத்தம் முற்றி 2021இல் மௌத்தானார். கடைசியாகச் சொன்னது, அலுமாரியில் மகனின் நீலச் சேர்ட் மடித்து வைத்திருக்கிறது, மெலிந்திருந்தால் பக்கம் பிடித்துத் தைத்துக் கொடுங்கள் என்பது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர். நௌபரைப் பொறுத்தவரை உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அங்கேயும் அவர் கணக்குப் பிழை.

மீன் வெட்டத் தொடங்கிய 2024 தையில், தோப்பூரிலிருந்து ஷிஃபானாவுக்கு ஒரு பேச்சு வந்தது. றுமைஸ் என்று பெயர்; மனைவியை இழந்தவர், வயல் செய்கிறவர், நாற்பது வயது. அவருடைய சகோதரி வந்து பார்த்துவிட்டுப் போனார். சிறுபோக அறுவடை வரை பொறுப்போம், அதற்குள் பஸஹ் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு வருடத்தில் வந்த முதல் பேச்சு. முப்பத்தொரு வயதில் இரண்டாவது வரும் என்று யாரும் ஷிஃபானாவுக்கு உறுதி சொல்லவில்லை.

ஸஜ்ஜாத் கடைக்கு வந்தார். நௌபர் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“மச்சான், திரும்ப மனு வெச்சிருக்கன். உங்களத்தான் கேப்பாங்க.”

“ம்.”

“மகன் போன் எடுத்த எண்டீங்களே, அந்த நம்பரத் தாங்க. நான் பேசிறன். ‘தம்பி, புள்ளைய விட்டுரு, தலாக் எண்டு சொல்லிரு’ எண்டு நானே கேக்கிறன். அவன் நல்ல புள்ள. மாட்டன் எண்டு சொல்ல மாட்டான்.”

நௌபர் கிரைண்டரை இயக்கினார். பொறி பறந்தது. ஸஜ்ஜாத் அந்தச் சத்தத்துக்கு மேலால் இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு சாரத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார். போகும்போது மட்டும், “கிரைண்டரக் கண்டுபிடிச்சவன் உங்களுக்காகத்தான் கண்டுபிடிச்சிரிக்கான்” என்று கத்திவிட்டுப் போனார்.

பின்னேரம் ஷிஃபானா தேநீர் கொண்டுவந்தாள். வெட்டிய மீன்களைப் போகிறது, வருகிறது என்று இரண்டு சாக்கில் பிரித்து அடுக்குவது அவளுடைய வேலை. முதுகுச் செட்டை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அன்று அடுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். கிரைண்டர் முனகி நின்றது.

“மாமா, அந்த நம்பர் எனக்குத் தெரியும்.”

நௌபர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“காதியார்ட்ட போய் வந்த அண்டைக்கே உங்கட போனப் பாத்து எடுத்த நான். ‘பாட்டுத் தெரிவு செய்ய ஒண்டை அழுத்தவும்’ எண்டு சொல்லிச்சு.”

“ஆறு வருசமா?”

“ஓம். மாமி அந்தக் கிழமதான் ரெண்டு நேரம் தின்னத் தொடங்கின. எப்பிடிச் சொல்லுற? மாமி போன பிறகு, நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்த. மூணு வருசம் பாத்திட்டன்.” அவள் ஒரு மீனை எடுத்து, தலை இருக்கிற இடத்தைக் கையால் துடைத்தாள். “இதுக்கு ஒரு துளை போடாம எவ்வளவு கவனமா இரிக்கிறீங்க. உங்கட மகனுக்கு வெச்ச கண்ண எப்ப எடுப்பீங்க?”

தேநீர் ஆறியது. நௌபர் சொன்னார், “மௌத்தெண்டு என்ட வாயால சொல்ல ஏலா மகள்.”

“அப்பிடிச் சொல்லச் சொல்லி நான் கேக்கல்லியே.”

அப்படியானால் வேறு எதைச் சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை. இருக்கிறான், இல்லை, பதினொரு வருடமாக அவருக்கு இரண்டு சொல்தான். ஒன்றைப் பொய்யாகச் சொல்லியாகிவிட்டது. மற்றது உண்மை என்று தெரியாது. இந்த இடத்தில் மனிதர் ஒரு மாதம் நின்றார். அந்த மாதத்தில் எழுபது மீன் வெட்டினார்.

குழுவில் கடற்றொழில் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார், இராகுலன். மீன் மீன்போல இருக்கிறதா என்று பார்க்க அவரையும் என்னையும் அனுப்பினார்கள். இராகுலன் இரண்டு சாக்கையும் பார்த்துச் சிரித்தார்.

“நானா, அந்தப் பிள்ளை போறதும் நூற்றிருபது, வாறதும் நூற்றிருபது எண்டு சரிக்குச் சரி போட்டிருக்கிறா. கடலிலை அப்பிடி இல்லை.”

“அப்ப எப்பிடி?”

“கூட்டம் வரும். வருசா வருசம் வரும். ஆனா போன மீன்தான் வந்ததெண்டு ஆர் கண்டது? நான் முந்தி ஒரு ஆராய்ச்சியிலை வேலை செய்தனான். மீன் பிடிச்சு, முதுகிலை இலக்கம் குத்தித் திரும்பக் கடலிலை விடுறது. ஐந்நூறு விட்டனாங்கள்.”

“எத்தினை திரும்பி வந்த?”

“பதினொண்டு.”

நௌபர் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். “மத்த மீனெல்லாம்? மௌத்தா?”

“அது ஆருக்குத் தெரியும்? வேறை கடலுக்குப் போயிருக்கும். ஆரும் பிடிச்சுத் திண்டிருப்பாங்கள். செத்ததெண்டும் எழுதேலாது, இருக்குதெண்டும் எழுதேலாது. படிவத்திலை அதுக்கு வேறையா ஒரு கட்டம் இருக்கு. ‘தெரியாது’ எண்டு. அதிலை புள்ளடி போடுறது.”

“அப்பிடி ஒரு கட்டம் இரிக்கா?”

“ஓம், பின்னே. எங்கடை படிவத்திலை ஆகப் பெரிய கட்டமே அதுதான்.”

இராகுலன் பகிடியாகச் சொன்னார். நானும் சிரித்தேன். நௌபர் சிரிக்கவில்லை, அந்தக் கட்டத்தில் எழுதியதற்கு மேலதிகாரிகள் ஏசமாட்டார்களா என்று கேட்டார். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால்தான் ஏச்சு விழும் என்றார் இராகுலன். அந்தக் கதையின் கனம் எனக்கு அன்று விளங்கவில்லை. மீன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆனி மாதம் மீன்களை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, பாலம் கடந்து, மூன்று நடையில் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கம்பங்களில் ஏற்றிப் பற்றவைக்க ஒரு கிழமை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சல்லியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற கனகம்மாவும் ஒருவர். கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்தார்.

“கண்ணைக் காணேல்லை?”

“வெக்கல்ல” என்றார் ஏணியில் நின்ற நௌபர்.

“நல்ல கெட்டிக்காரன் நீ. கண்ணைப் பாத்துத்தானே மீன் செத்து எத்தினை நாள் எண்டு சனம் சொல்லுறது. இனி ஆர் என்னத்தைச் சொல்ல?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நௌபர் இறங்கி, வெயில் என்று சொல்லி, வாகை மர நிழலில் போய் இருந்தார். அன்று மிச்சமிருந்த ஆறு மீனையும் மறுநாள்தான் ஏற்றினார்.

திறப்பு விழாவில் முக்கியமான ஒருவர், கண் வைக்க மறந்துவிட்டார்கள், கறுப்புப் பெயின்ற்றால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். லோஜினி விளக்கம் கொடுத்தார். விளக்கம் நீண்டுகொண்டு போக, முக்கியமானவர் பொட்டை வாபஸ் வாங்கினார்.

பிறகு வந்ததுதான் கலைஞர் கௌரவிப்பு. நௌபரின் பெயரைக் குழு ஏகமனதாகச் சிபாரிசு செய்தது. அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு பின்னேரம் தந்தார்கள். தொலைபேசியில் கேட்டேன், “என்னத்தையாவது எழுதுங்க சேர்” என்றார். எழுதினேன்.

விழா ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை. மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் பதினாறு கதிரை, பதினைந்தில் கலைஞர்கள். ஒலிவாங்கியில் நானே வாசித்தேன்: உயிரினங்களின் அசைவை உலோகத்தில் உயிர்ப்பித்துக் காட்டும். குரலில் கொஞ்சம் நடுக்கம் கூட வைத்தேன் என்று நினைக்கிறேன். இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தும் ஆள் வரவில்லை. வெற்றுக் கதிரைக்குச் சனம் கைதட்டியது. நௌபரின் பக்கத்துக் கடைக்காரர் நஸ்ரி, மத்தளக்காரர் ஒருவரைப் பார்க்க வந்தவர், எழுந்துபோய்க் கேடயத்தை வாங்கினார். அதைத் திருப்பி என்னிடமே தந்தார். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகப் பயமாம், கண்ணாடி.

கலைஞர் என்றால் மறதி இருக்கத்தான் செய்யும் என்று தலைவர் சமாளித்தார்.

கேடயம் என் அலுமாரியில் ஆறு மாதம் கிடந்தது. அடுத்த வருடம் மாசியில்தான் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். கடை திறந்திருந்தது. பின்பக்கம் வீட்டுக் குசினியிலிருந்து சோறு தீய்ந்த மணம் வந்தது. நௌபர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார், ஒரு நீலச் சேர்ட் போட்டிருந்தார், தோளில் கொஞ்சம் இறுக்கமாக.

“மருமகள் இல்லையா?”

“தோப்பூர்ல. காதியார் பஸஹ் குடுத்திட்டாரு. மூணு மாத இத்தாவும் இருந்து முடிஞ்சு, போன மாதம் நிக்காஹ் நடந்த. நல்ல மனிசன். வெள்ளிக்கிழமயில பஸ்காரன்ட்ட குடுத்து எனக்குக் கறி அனுப்புறா. சோறு நான்தான் ஆக்கிற. மணத்தில தெரியும்தானே.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், நான் கேட்காமலே, ஆணி பொறுக்குகிறவர்போலக் கீழே பார்த்துக்கொண்டு. அந்த ஒரே சனிக்கிழமைக்கு விழாவுக்கும் காதியாரின் விசாரணைக்கும் அழைப்பு வந்ததாம். காதியாரிடம் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கலாம், கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

கேடயத்தைக் கொடுத்தேன். கண்ணாடியில் ஒரு மீன் செதுக்கியிருந்தது, பெரிய வட்டக் கண்ணோடு. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற சிரிப்போடு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மேசையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, அந்தக் கண்ணை மெதுவாக உராயத் தொடங்கினார். உராய்ந்து முடிய நேரம் எடுத்தது. நான் இருந்து பார்த்தேன்.

மலரில் நான் எழுதியது முழுக்கப் பிழை, அடுத்த மலரில் திருத்தம் போடுவோம் என்றேன்.

“விடுங்க சேர்” என்றார், கண்ணாடித் தூளை ஊதிக்கொண்டு. “எழுதினத அழிக்கிற வேல லேசில்ல. எனக்குத் தெரியும்.”

திருத்தம் போடவில்லை. மலர்க் குழுவும் கலைந்துவிட்டது. பதினான்காம் பக்கம் பதினான்காம் பக்கமாகவே இருக்கிறது. அதில் இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்:

2024 ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, முஹம்மது தம்பி நௌபர் காதியார் முன்னால் எழுந்து நின்று, ஆறு வருடத்துக்கு முன் தனக்கு வந்தது பாட்டு விற்கிற அழைப்பு என்றும், மகன் பேசியதாகத் தான் செய்த சத்தியம் பொய் என்றும், மகன் இருக்கிறானா இல்லையா என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.